விட்பியில் காசு கேட்காத சர்ச்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யார்க்‌ஷயரில் இருக்கும் விட்பிக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் மேல் ஒரு இடிந்த மடாலயம் இருக்கிறது, அதற்கு டிக்கெட். பக்கத்திலேயே புனித மேரி சர்ச் இருக்கிறது, அதற்கு ஒரு பைசா கிடையாது. கூட்டமெல்லாம் மடாலயத்துக்குத்தான் போகிறது. என்னைக் கேட்டால் இந்தச் சர்ச்சுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பேருந்தை நினைத்ததுமே கடுப்பாகிவிட்டது. யார்க்கிலிருந்து மூர் எனப்படும் மேட்டுநிலத்தைக் கடந்து போகும் வழி அது. ஆகஸ்டில் மலையே ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்குமாம். பூத்துத்தான் கிடந்தது, ஆனால் என் கண்ணில் பட்டது முன்னால் நின்றவரின் முதுகுப்பைதான். முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த வண்டியில் பாதி வழி நின்றுகொண்டே போனோம். கட்டணம் 3 பவுண்ட்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அதில் மிச்சம் பிடித்ததை ஊருக்குள் டாக்சிக்காரர் வசூலித்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு ஒரு மைல்கூட இருக்காது, 14 பவுண்ட். மீட்டர் எங்கே என்று கேட்டால், "பெட்டி இருக்கிறதே" என்கிறார். மனைவி என் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் சண்டையே வந்திருக்கும்.

ஊரை எஸ்க் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திரும்பும் பாலம். கிழக்குக் கரைதான் பழைய ஊர். அதன் கோடியில் 199 படிகள் ஆரம்பிக்கின்றன. முதலில் மரப்படிகளாக இருந்தவற்றை 18ஆம் நூற்றாண்டில் கல்லாக்கியிருக்கிறார்கள். இடையிடையே அகலமான பலகைகள் போட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்க நாங்களும் உட்கார்ந்தோம். சவப்பெட்டி தூக்கி வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காகப் போட்டவை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் மனைவி எதிலும் உட்காரவில்லை.

படி முடியும் இடத்தில் கேட்மன் நினைவாக 1898இல் எழுப்பிய உயரமான கற்சிலுவை. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர். அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். உப்புக் காற்று அரித்து முக்கால்வாசிக் கல்லில் எழுத்தே இல்லை.

சர்ச் வெளியிலிருந்து பார்க்கக் குட்டையாக, பெரிய அழகென்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, பின்னால் வந்தவர்கள் இஷ்டத்துக்கு இடித்தும் சேர்த்தும் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப் போனேன். வரிசை பெஞ்சுகளே கிடையாது. இடுப்பளவு மரத்தடுப்பும் கதவும் வைத்த சின்னச் சின்ன அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. மேலே நாலாபுறமும் மாடம். கப்பல் கட்டிப் பிழைத்த ஊரல்லவா, கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது. நடுவில் ஒரு இரும்புக் கரி அடுப்பு, அதன் புகைக்குழாய் நேராகக் கூரைக்குப் போகிறது.

பிரசங்க மேடை மூன்று அடுக்கு, 1778இல் செய்தது. அதன் பின்னால் காதுக்குழல்கள் தொங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஒரு பாதிரியாரின் மனைவிக்குக் காது கேட்காது, கணவர் பேசுவதைக் கேட்க வைத்துக்கொண்டவையாம். "வீட்டில் கேட்பது போதாதா" என்றாள் என் மனைவி.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சோம்லி குடும்பத்தின் இருக்கை. ஊரின் நிலச்சுவான்தார்கள். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் வளைவின் குறுக்கே, முறுக்கிய மரத்தூண்கள் மேல் தங்களுக்கென்று ஒரு பால்கனி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சனம் ஆண்டவனைப் பார்க்க வேண்டுமென்றால் இவர்களைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். தேர்த்திருவிழாவில் முதல் மரியாதைக்கு நிற்கும் பண்ணையார்கூட சாமியை இப்படி மறைத்ததில்லை! வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் என்று எழுதிய தடுப்பறையும் இருக்கிறது. உரிமையோடு அதில் போய் உட்கார்ந்தோம். வெளியே வரும்போது உண்டியலில் 5 பவுண்ட் போட்டேன், மனசாரப் போட்டேன்.

மடாலயத்துக்கு வருகிறேன். தலைக்கு 10 பவுண்டுக்கு மேல், இருவருக்கும் நம் பணத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. கதை பெரியதுதான். 657இல் ஹில்டா என்ற பெண் துறவி நிறுவி, ஆண் துறவிகளையும் பெண் துறவிகளையும் சேர்த்து நிர்வகித்த இடம். 664இல் ஈஸ்டர் தேதியை ரோம் வழக்கப்படி கணிப்பது என்று இங்கேதான் முடிவு செய்தார்கள். ஆனால் இன்று நிற்பது ஹில்டாவின் கட்டடம் இல்லை, 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியதன் மிச்சம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல் மூடினார்கள். 1830இல் நடுக்கோபுரம் விழுந்தது. 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்டதில் மேற்கு முகப்பும் சேதம். கூரையில்லாத சுவர்களும் வானமும் படத்துக்கு அருமையாக இருக்கும். கைச்செலவைப் பார்க்கிறவர்கள் மதில் ஓரமாக நடந்தாலே பாதி தெரிகிறது.

கீழே இறங்கி, புதுக் கரைகள் தேடிப்போன கடலோடி கேப்டன் குக் கப்பல் தொழில் பழகிய காலத்தில் தங்கியிருந்த, 1688இல் கட்டிய வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவருடைய எண்டவர் கப்பல் இந்த ஊரில் கட்டியதுதான். இன்னொரு டிக்கெட்டுக்குப் பையில் தெம்பில்லை.

சாப்பாட்டுக்கு மிச்சம் வைத்திருந்தேன். துறைமுகத்தைப் பார்த்தபடி ஹேடக் மீனும் சிப்ஸும். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, ஒரு தட்டு இருவருக்குத் தாராளம். ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கம் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேளுங்கள், எண்ணெயில் பொரிக்கும் கடையும் உண்டு. படியடியில் ஹென்ரியேட்டா தெருவில் 1872 முதல் ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டி விற்கும் ஃபார்ச்சூன்ஸ் கடை இருக்கிறது. ஒரு ஜோடி வாங்கினேன். விடுதியில் சமைக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், அந்த வாசனை அறையை விட்டு லேசில் போகாது.