இல்லாத ஊருக்கு வரலாறு எழுதிய கதை

எங்கள் கோயில் குடமுழுக்கு மலருக்கு ‘ஊர் வரலாறு’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மானாமதுரைக்குத் தெற்கே, நாற்பது வீடுகூடத் தேறாத ஓர் ஏந்தல், அதாவது கண்மாயோரச் சிற்றூர். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தலையாட்டினேன். நான்கு மாதம் அலைந்தேன்.

முதல் அடி மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகத்தில் விழுந்தது. மூன்று முறை தேடியும் ஊர்ப் பெயர் இல்லை. அதில் வருவாய் கிராமங்களுக்குத்தான், அதாவது நிலவரிக் கணக்கில் தனிக் கிராமமாக உள்ளவற்றுக்குத்தான் இடம். எங்களைப் போல ஒரு வருவாய் கிராமத்துக்குள் அடங்கிய உட்கடை ஊர்களின் தலைகளை அந்தத் தாய்க் கிராமத்தின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இது தெரியாமல் அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எழுத்தர் கணினியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “அப்படி ஒரு ஊரே இல்லையே சார்” என்றார். ரேஷன் அட்டையை நீட்டினேன். “இது முகவரி. கிராமம் இல்லை.” மறுநாள் வேறு எழுத்தர், அதே பதில். பஸ் செலவும் இரண்டு நாள் விடுப்பும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் வழி காட்டியவர் கிராம உதவியாளர். தாய்க் கிராமத்தின் பெயர், நத்தத்தின் (குடியிருப்பு நிலம்) புல எண் (சர்வே எண்), கண்மாயின் புல எண் மூன்றையும் டீ ஆறுவதற்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். உட்கடை ஊர்க்காரர்கள் யாரும் அவரைப் பார்க்காமல் தாலுகா பக்கம் போகாதீர்கள். எண் கையில் இருந்தால் நில அளவைக் காட்டும் புலப்படத்தையும், ஒவ்வொரு புல எண்ணின் விவரமும் உள்ள அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஊர் வரைபடத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி வாங்கினேன்.

அந்த வரைபடத்தைத் திண்ணையில் விரித்த அன்றுதான் ஊர் எனக்குப் புரிந்தது. கண்மாய் பெரிய அரைவட்டம். கரை கிழக்கே வளைந்து நிற்கிறது. மேற்கிலிருந்து சரிந்து வரும் மழைநீரை மறிக்க வேறு எந்தப் பக்கம் போட முடியும்? கரைக்குக் கீழே வயல். கரை முடிகிற மேட்டில், கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய அளவில் நத்தம். ஏந்தல் என்றால் சிறிய கண்மாய்தானே, கண்மாய்க்குத்தான் பெயர். நாங்கள் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவர்கள். தாய்க் கிராமத்துக்குப் போகும் வண்டிப்பாதை ஒன்றும் அதில் இருந்தது. இன்று அங்கே சீமைக் கருவேலத்துக்குள் ஆடுகூட நுழையாது.

சூட்டோடு சூடாகச் சென்னைக்கு ரயில் ஏறினேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் காலத்தில் அரசு உழவரிடமே நேரடியாக வரி வாங்குவதற்காக எழுதிய ரயத்துவாரி செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்த்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்ற கணக்கு. அது முழு முட்டாள்தனம். எங்கள் பகுதி 1803இல் நிரந்தர ஒப்பந்தம் செய்துகொடுக்கப்பட்ட சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. ஜமீன்தாரே வரி வாங்கும் ஜமீன் கிராமத்துக்கு ரயத்துவாரி செட்டில்மென்ட் எப்படி வரும்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமீன் ஒழிந்த பிறகுதான் அந்த வேலையே நடந்தது. அங்கே பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “ஜமீனா, சர்க்கார் கிராமமா?” என்பதுதான். ரயில் ஏறுவதற்கு முன் அதை நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: 1910க்கு முன் என்றால் மதுரை மாவட்டம், அதன்பின் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை மாவட்டம் என்று தேடினால் பழைய காகிதம் எதுவும் அகப்படாது.

ஊருக்குத் திரும்பி அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன். தாது வருஷத்தில் கண்மாய் உடைந்ததாம். தாது என்றதும் 1876, தாது வருஷப் பஞ்சம் என்று எழுதிக்கொண்டேன். இரவு படுத்த பிறகு உறைத்தது: மழையே இல்லாத பஞ்சத்தில் கண்மாய் எப்படி உடையும்? காலையில் மறுபடி கேட்டேன். “நான் பிறந்ததற்கு முந்தின வருஷமடா” என்றது கிழவி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே வருஷப் பெயர் திரும்பி வரும்; அது 1936. வருஷப் பெயர் சொன்னால் கூடவே யார் பிறந்தார்கள், யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று கேட்டுவிடுங்கள். ஆண்களிடம் கேட்டால் எல்லா ஊரிலும் பதினேழாம் நூற்றாண்டு மதுரை மன்னர் திருமலை நாயக்கர்தான் வருவார். எங்கள் ஊர்ப் பெரியவர்களும் நாயக்கர் காலத்தில் வந்தோம் என்றார்கள். தலைமுறையை எண்ணச் சொன்னால் ஏழோடு நின்றுவிட்டார்கள். ஏழு தலைமுறைக்கு இருநூறு ஆண்டு வருவதே பெரிது.

எனக்குக் கிடைத்த ஒரே புதையல் மடைக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லைக் கருப்பு என்று நாங்கள் கும்பிடும் கல். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கும். இருட்டுகிற நேரம் டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லின் பக்கவாட்டில் படும்படி பிடித்தேன். மூன்று முனைகளும் கீழே ஒரு தண்டும் நிழலாக எழுந்து வந்தன. சூலக்கல்! சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் இப்படிச் சூலம் பொறித்து நடுவது பழைய வழக்கம். எங்கள் கருப்பு உண்மையிலேயே எல்லையில்தான் நின்றிருக்கிறார்.

மலர் அச்சாகி வந்தது. நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று என் இரண்டு பக்கத்தை ஒன்றாக்கியிருந்தார்கள். வரைபடம் இல்லை, ஜமீன் இல்லை, அப்பத்தாவின் தாது வருஷமும் இல்லை. சூலக்கல் மட்டும் இரண்டு வரியில் தப்பியிருந்தது. தொடக்க வரி நான் எழுதியதே அல்ல: “திருமலை நாயக்கர் காலத்தில்...”