மக்கும் கிண்ணத்தில் மக்காமல் நிற்பது

கரும்புச் சக்கையில் செய்த கிண்ணங்களைப் பயன்படுத்தியபின் கிழித்து உரக்குழியில் போடுவதைப் பல ஆண்டுகள் நான் ஒரு நற்செயலாகவே எண்ணியிருந்தேன். அந்த உரத்தைத்தான் செடிகளுக்கும் இட்டேன். அதில் என்னென்ன கலந்திருந்தன என்று அப்போது கேட்டதில்லை.

சக்கைக்கும் காகிதத்துக்கும் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சுவதுதான் இயல்பு. அவை சூடான, எண்ணெய்ப் பசையுள்ள உணவைக் கசியாமல் தாங்க வேண்டுமானால் கூழில் எதையேனும் சேர்க்கவோ மேலே பூசவோ வேண்டும். தயாரிப்பாளர்கள் பலர் நெடுங்காலம் சேர்த்து வந்தவை பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் இடையிலான பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவானவற்றுள் ஒன்று என்பதால், எண்ணெயை அண்டவிடாத கார்பன்-ஃபுளோரின் சங்கிலியை மண்ணின் நுண்ணுயிரிகளாலும் முழுவதுமாகச் சிதைக்க முடிவதில்லை. நார் மக்கிப் போன பிறகும் சேர்மம் உரத்தில் தங்கி, மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் செல்கிறது. சங்கிலி குறுகியவை வேர்வழியே இலைவரை எளிதாக ஏறிவிடுகின்றன. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ என்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023இல் வகைப்படுத்தியது. உடலுக்குள் சென்ற பிஎஃப்ஓஏ இரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் மக்கும் என்ற சான்றிதழ் எதைச் சொல்கிறது? பொருளின் கார்பனில் பெரும்பகுதி, ஐரோப்பிய நெறிமுறையின்படி 90 விழுக்காடு, ஆறு மாதங்களுக்குள் கரியமில வாயுவாக மாறுகிறதா என்பதே அதன் மையக் கேள்வி. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் சேர்மம் சிதையாமல் நின்றாலும் அந்தக் கணக்கு இடறுவதில்லை. ஃபுளோரினுக்குத் தனி வரம்பு விதித்தால்தான் அது பிடிபடும். அமெரிக்காவில் சான்றளிக்கும் பிபிஐ என்ற அமைப்பு, மொத்த ஃபுளோரின் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியை 2020இல்தான் நடைமுறைப்படுத்தியது. எண்ணெய் கசியாதிருக்கப் பூசப்படும் பிஎஃப்ஏஎஸ் பொருள்கள் உணவுத் தாள்களுக்காக இனி அங்கே விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் அறிவித்தது. உணவுப் பொதிகளில் பிஎஃப்ஏஎஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்புகளின் தொடக்கம் 2026 ஆகஸ்ட்.

இந்த விதிகளை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு பூச்சை நீக்கி மற்றொன்றைப் பூசுவதோடு கவலை தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அரைமணி நேரம் எண்ணெயைத் தாங்கவும் வேண்டும், சில மாதங்களில் மண்ணோடு மண்ணாகவும் வேண்டும் என்று ஒரே பொருளிடம் கேட்கும்வரை, அந்த முரணை ஈடுகட்ட ஏதோ ஒரு வேதிப்பொருள் தேவைப்பட்டுக்கொண்டேயிருக்கும். எவர்சில்வரும் கண்ணாடியும் எண்ணெயை உறிஞ்சுவதில்லை. ஆகவே அவற்றுக்குப் பூச்சே வேண்டியதில்லை.

மறுபயன்பாட்டிலும் செலவு உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தைச் செய்யக் கூடுதல் ஆற்றல் வேண்டும், கழுவ நீர் வேண்டும். பல முறை பயன்படுத்தினால்தான் அந்தச் செலவு ஈடாகும். அதனால் புதிதாக அடுக்கடுக்காக வாங்காமல், வீட்டிலிருந்த மூடியுள்ள இரண்டு பாத்திரங்களையே பையில் எடுத்துச் செல்கிறேன். அவை இல்லாத நாளில், ஃபுளோரின் சேர்க்கப்படவில்லை என்று எழுத்தில் உறுதியளித்த கிண்ணமா என்று கடையில் கேட்கிறேன். பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கிண்ணத்தை உரக்குழியில் போடுவதில்லை.