அங்கேயும் வேலியை கொல்பாஸால் கட்டவில்லை

"ஜெர்மனிக்குப் போய்விட்டால் வாழ்க்கை வேறு மாதிரி இருக்கும்" என்று ஹங்கேரியில் யாராவது பெருமூச்சு விட்டால், பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "ஒட் ஷின்ச் கொல்பாஸ்போல் அ கெரீதேஷ்." அங்கேயும் வேலியை கொல்பாஸால் கட்டவில்லை என்று அர்த்தம். கொல்பாஸ் என்பது பாப்ரிகா தூள் போட்ட பன்றி இறைச்சி சாசேஜ். ஹங்கேரிக்காரர்களுக்கு அது வெறும் சாப்பாடு இல்லை, வீட்டின் செழிப்பு அது. அதனால்தான் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே வேலிகூட கொல்பாஸாகத்தான் இருக்கும் என்று கற்பனை ஓடுகிறது.

இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ஆங்கிலம் படித்த ஹங்கேரிக்காரர் உடனே "தி கிராஸ் இஸ் ஆல்வேஸ் கிரீனர்" என்று ஆரம்பிப்பார். நம்ம ஊர் இக்கரைக்கு அக்கரை பச்சைதான் அது. பரீட்சையில் முழு மார்க் கிடைக்கும். ஆனால் ஆங்கிலம் பழக வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பதிலால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி. ஏற்கனவே யாரோ செய்து வைத்த வாக்கியத்தை எடுத்து நீட்டியாயிற்று, அவ்வளவுதான். அவர் சொந்தமாக ஒரு சொல்லைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை, கொல்பாஸும் காணாமல் போய்விட்டது.

புடாபெஸ்டில் என்னோடு வேலை செய்கிற நண்பர்கள் சிலர் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள். தங்கள் மொழியின் குறும்பான சொலவடைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, ஆங்கிலத்தின் குறும்பு வரிகளைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவருவது. நானும் கூட உட்காருவேன். மொழிபெயர்த்ததை எந்த விளக்கமும் இல்லாமல் என்னிடம் சொல்வார்கள். நான் சிரித்தால் வாக்கியம் சரி. "அப்படின்னா?" என்று கேட்டால் திரும்பவும் வேலை இருக்கிறது. இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தில் தப்பு செய்தால் சிவப்புக் கோடு விழும், ஏன் தப்பு என்பது மண்டையில் ஏறாது. சிரிப்பு வராமல் போனால் அப்படி இல்லை. எந்தச் சொல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், யாரும் சொல்லாமலே.

கொல்பாஸ் வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் போட்டால் "தேர் ஆல்சோ இஸ் நாட் ஃப்ரம் சாசேஜ் தி ஃபென்ஸ்" என்று வரும். ஹங்கேரியன் பேசுபவர் ஆங்கிலத்தில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் பல இந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. முதலில் "ஆல்சோ நாட்". அவர்களுக்கு "கூட இல்லை" என்பதற்கு ஷின்ச் என்று ஒரே சொல் இருக்கிறது, நமக்கு "அங்கேயும் இல்லை" என்பது போல. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு "ஐதர்" வேண்டும். அப்புறம் "ஃப்ரம்". போல் என்ற விகுதிக்கு உள்ளிருந்து வெளியே என்று அர்த்தம், அதை அப்படியே ஃப்ரம் ஆக்கிவிடுகிறார்கள், ஆங்கிலம் கேட்பதோ "மேட் ஆஃப்". அப்புறம் சொற்களின் வரிசை. முதல் திருத்தம் "தேர் ஃபென்சஸ் ஆரண்ட் மேட் ஆஃப் சாசேஜ் ஐதர்" என்று வந்தது. இலக்கணம் சுத்தம். ஆனால் சிரிப்பு கொஞ்சம் சப்பென்று இருந்தது, ஏனென்றால் சாசேஜுக்குப் பிறகு ஐதர் வந்து வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. பேசிப் பேசிக் கடைசியில் "ஈவன் தேர், தி ஃபென்சஸ் ஆரண்ட் மேட் ஆஃப் சாசேஜ்" என்று நின்றது. சாசேஜ் கடைசிச் சொல். ஆங்கிலத்தில் வேடிக்கையான சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால்தான் எடுபடும், ஹங்கேரியனிலோ அழுத்தம் வேண்டிய சொல்லை வழக்கமாக வினைச்சொல்லுக்கு முன்னால் நிறுத்துவார்கள். இந்த வித்தியாசத்தைப் பாடமாக நடத்தினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரு சாசேஜை வாக்கியத்துக்குள் இங்கேயும் அங்கேயும் நகர்த்திப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

நான் இதில் இவ்வளவு ஆர்வமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹங்கேரியன் நமக்கு உறவு மொழி இல்லை, ஃபின்னிஷும் எஸ்டோனியனும்தான் அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் விகுதி மேல் விகுதி ஒட்டிக்கொண்டே போவது, "எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது" என்கிற மாதிரி "நெகெம் வன்" என்று சொல்வது, "இரண்டு வீடு" என்று எண்ணுக்குப் பிறகு ஒருமையே போடுவது எல்லாம் நம் வீட்டு வழக்கம் மாதிரியே இருக்கிறது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நாலுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்! பாத்யா, ஒச், நோவேர், ஹூக். ஆங்கிலத்தில் "பிரதர்" என்றதும் பெரியவரா சின்னவரா என்று அவர்கள் மனசுக்குள் தேடுகிற தேடலை நான் முகத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அவர்கள் ஆங்கிலத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குச் சட்டென்று தெரிகிறது, நானும் அதே இடங்களில் நின்றவள்தானே.

ஆங்கிலம் என்றாலே ஒரு தலைமுறைக்கு அங்கே பயம் இருந்ததும் உண்மை. 1989 வரை பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழிதான் கட்டாயம். அதற்குப் பிறகு மேலை மொழிகள் வந்தன, கூடவே மொழித் தேர்வும் வந்து உட்கார்ந்துகொண்டது. பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடமும் முடித்துக் கடைசித் தேர்வும் எழுதிவிட்டு, ஒரு இடைநிலை மொழிச் சான்றிதழ் இல்லாததால் பட்டம் கைக்கு வராமல் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். 2020-இல் கொரோனா நேரத்தில் அரசு ஒரு விலக்கு கொடுத்த பிறகுதான் அப்படித் தேங்கிக் கிடந்த பலருக்குப் பட்டம் கிடைத்தது. இப்படி ஒரு மொழியைத் தடுப்புச் சுவராகவே பார்த்து வளர்ந்தவரிடம் போய் இன்னொரு பயிற்சித் தாளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? அவருடைய பாட்டி சொன்ன ஒரு சொலவடையைக் கேளுங்கள், ஆளே மாறிவிடுவார்.

பொய்யன் சொலவடை அப்படி வந்ததுதான். நொண்டி நாயைப் பிடிப்பதைவிடச் சீக்கிரம் பொய்யனைப் பிடித்துவிடுவார்கள் என்பார்கள். யார் பிடிப்பார்கள்? யாரோ. "பிடித்துவிடுவார்கள்" என்று நாம் விடுகிற மாதிரியே அவர்களும் வினைச்சொல்லைப் பன்மையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதல் முயற்சியில் "தே கேட்ச் தி லையர்" என்று வந்தது, கேட்டதும் "யார் அந்த தே?" என்று நான் கேட்டேன். போலீஸ் துரத்துகிற கதை மாதிரி ஆகிவிட்டது. "எ லையர் இஸ் காட் சூனர் தேன் எ லேம் டாக்" என்று செயப்பாட்டு வினைக்கு மாறிய பிறகுதான் அது சொலவடையாக ஒலித்தது. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினையை வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிற கணக்காகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், எதற்காக ஆங்கிலக்காரர் அதைத் தேடிப் போகிறார் என்பது இந்த நொண்டி நாயிடம்தான் அவர்களுக்குப் புரிந்தது.

எதிர்ப்பக்கம் போவதும் அதே அளவு சுவாரஸ்யம். ஆங்கிலத்தில் யார் சொன்னது என்றே தெரியாமல் உலவுகிற ஒரு வரி: கடன் வாங்குவதென்றால் எப்போதும் அவநம்பிக்கைக்காரரிடம் வாங்கு, திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவே மாட்டார். ஹங்கேரியனில் இது அழகாக உட்கார்ந்தது. "அவர்" என்ற சொல்லே தேவைப்படவில்லை, வினையே போதும். மறுநாள் ஆங்கில மூலத்தைப் பார்க்காமல் தங்கள் ஹங்கேரியனிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொன்னபோதுதான் சங்கடம் வந்தது. அங்கே ஹீ-யா, ஷீ-யா, தே-யா? அவர்கள் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் "ஓ" ஒன்றுதான். பேச்சில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே "ஹீ" என்று வந்துவிடும் பழக்கம் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக்கூட இருக்கிறது. இப்படித் தாமே தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டால் அந்தப் பழக்கத்தின் மேல் ஒரு கண் விழுகிறது.

இப்படி ஒரு மொழிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும் முறை பழசுதான். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் 16-ஆம் நூற்றாண்டிலேயே லத்தீன் கற்பிக்க இதைத்தான் வற்புறுத்தினார்: ஆங்கிலமாக்கு, கொஞ்ச நேரம் போகட்டும், மறுபடி லத்தீனாக்கு, மூலத்தோடு ஒப்பிடு. நடுவில் விடும் அந்த இடைவெளிதான் முக்கியம். உடனே திருப்பினால் ஞாபகம் எழுதிவிடும், மொழி எழுதாது.

எல்லா வரியும் கடல் தாண்டாது என்பதையும் சொல்ல வேண்டும். "அதிகாலைப் பறவைக்குப் புழு கிடைக்கும், ஆனால் பொறியில் இருக்கும் பாலாடைக்கட்டி இரண்டாவது எலிக்குத்தான்" என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஹங்கேரியனில் அதிகாலையில் எழுபவருக்குப் புழு கிடைக்காது, தங்கம் கிடைக்கும். "கி கொரான் கெல், அரஞத் லெல்" என்று எதுகையோடு சொல்வார்கள். தங்கத்துக்குப் பக்கத்தில் திடீரென்று எலி வந்தால் ஒட்டுமா? ஒட்டவில்லை. உயிலையும் மன உறுதியையும் ஒரே "வில்" என்ற சொல்லில் வைத்து விளையாடுகிற வரி இன்னும் மோசம், ஹங்கேரியனில் இரண்டுக்கும் வழக்கமாக வேறு வேறு சொற்கள். இந்த மாதிரி வரிகளில் ஒரு சாயங்காலத்தை வீணாக்கக் கூடாது. புரிந்ததா, ரசித்தாயிற்றா, சரி, அடுத்தது.

மாறாக, "ஐ யூஸ்ட் டு பி இன்டிசைசிவ், நௌ ஐம் நாட் ஸோ ஷ்யூர்" மாதிரி ஒன்று வந்தால் விடவே கூடாது. முன்பெல்லாம் எனக்கு எதையும் முடிவெடுக்கத் தெரியாது, இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அது. சிரிப்பு முழுக்க "யூஸ்ட் டு" என்ற இரண்டு சொல்லின் தோளில் இருக்கிறது. வெறும் "வாஸ்" போட்டுப் பார்த்தார்கள், பாதி சிரிப்பு போய்விட்டது. பழக்கமாக இருந்து இப்போது இல்லாதது என்ற அர்த்தத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது மொஹாச். எதையாவது தொலைத்துவிட்டு வருத்தப்படுகிறவரிடம் "தொப் இஷ் வெஸெட் மொஹாச்னால்" என்பார்கள், மொஹாசில் இதைவிட அதிகம் இழந்தோம் என்று. 1526 ஆகஸ்ட் 29 அன்று மொஹாச் போர்க்களத்தில் ஆட்டோமான் சுல்தான் சுலைமானிடம் ஹங்கேரி தோற்றது, இருபது வயது அரசர் இரண்டாம் லாயோஷ் தப்பி ஓடும்போது இறந்தார், 1541-இல் புடாவும் போய் நாடு மூன்று துண்டாயிற்று. பர்ஸ் தொலைந்ததற்கும் பஸ் போய்விட்டதற்கும் ஆறுதலாக இத்தனை பெரிய இழப்பை எடுத்துச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இணையாக "கடலில் இதைவிட மோசமானதெல்லாம் நடக்கிறது" என்று ஒன்று இருக்கிறது. கடலே இல்லாத நாட்டுக்காரர் அதை ஏன் சொல்ல வேண்டும்? "வி லாஸ்ட் மோர் அட் மொஹாச்" என்றே சொல்லட்டும், கேட்பவர் புருவத்தை உயர்த்தட்டும், பிறகு அந்தப் போரை ஆங்கிலத்தில் விளக்கட்டும். எங்கள் மேஜையில் ஒரு நண்பர் அப்படித்தான் விளக்கினார். வழக்கமாக "யெஸ், நோ" தாண்டாதவர், நிறுத்தாமல் பேசினார், இறந்த காலம் ஒன்றுகூடப் பிசகவில்லை. தன்னுடைய விஷயத்தைச் சொல்லும்போது மனிதருக்கு வாய் தானாகத் திறக்கிறது.

குறும்பான வரிக்கு ஹங்கேரியனில் அரஞ்கொபேஷ் என்று பெயர். தங்கம் துப்புவது என்று பொருள்! அந்த வகையில் அவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது எழுத்தாளர் கரிந்தி ஃப்ரிட்யெஷ் சொன்னதாக வழங்குகிற வரிகளை. அவற்றில் ஒன்றில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறோம்: கனவில் நான் இரண்டு பூனையாக இருந்தேன், ஒன்றோடொன்று விளையாடினேன். ஆங்கிலத்தில் "ஐ வாஸ் டூ கேட்ஸ் அண்ட் ஐ பிளேட் வித் ஈச் அதர்." இலக்கணப்படி தப்பு, "ஈச் அதர்" என்றால் "வி" வேண்டும். ஆனால் "வி பிளேட்" என்று திருத்தினால் இரண்டு பூனை விளையாடிய சாதாரணக் கனவு ஆகிவிடுகிறது. ஹங்கேரியனிலும் அது ஒருமையில்தான் நிற்கிறது, அங்கேயும் இலக்கணம் வளைந்துதான் இருக்கிறது, அந்த வளைவுதான் மொத்த வேடிக்கையும். அப்படியே விடவேண்டும் என்கிறார் ஒருவர். ஹங்கேரிக்காரர் வாயிலிருந்து வந்தால் கேட்பவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஆங்கிலம் தெரியவில்லை என்றுதான் நினைப்பார் என்கிறார் இன்னொருவர். இது நியாயமான கவலை, வெளியூர் மொழி பேசுகிற எல்லோருக்கும் உள்ளது. "நோ, வெயிட், ஐ வாஸ் போத் ஆஃப் தெம்" என்று பின்னால் ஒரு துண்டைச் சேர்த்தால், வேண்டுமென்றே சொன்னது என்று தெரிந்துவிடும் என்பது என் யோசனை. கரிந்தியின் வரியை நீட்டக் கூடாது என்று மேஜையில் இன்னும் சண்டை நடக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில்.