‘ஹேவ்’ வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்ற சொல்லுக்கு நேரான வினை தமிழில் இல்லை. ‘எனக்கு ரெண்டு தம்பி’, ‘என்கிட்ட பேனா இருக்கு’, ‘வீட்டுக்கு மூணு வாசல்’ என்று வேற்றுமை உருபை மாற்றியே நாம் வேலையை முடித்துவிடுகிறோம். மூன்றுக்குமே ஆங்கிலத்தில் ஹேவ் அல்லது ஹேஸ் போதும். இந்த இடைவெளியில்தான் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளின் பிழை கண்டறியும் கேள்விகளில் மார்க் போகிறது. வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் எழுத்துப் பகுதியிலும் அப்படித்தான். அகராதியில் உள்ள அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பின்னால் பெயர்ச்சொல் மட்டும் வந்தால் உடைமை. உடைமைக்கு ‘இங்’ சேராது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ தவறு, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ சரி. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரிதான், ஏனென்றால் அங்கே அது சாப்பிடுவதைக் குறிக்கிறது. ஹேவ் இருக்கும் இடத்தில் ‘ஓன்’ அல்லது ‘பொசஸ்’ போட்டுப் பாருங்கள். பொருள் பொருந்தினால் இங் வேண்டாம். ‘ஈட்’, ‘டேக்’ போன்ற செயல் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். இன்னொன்று: ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியம் எல்லாம் ஹேவ் ஆகிவிடாது. எனக்குக் காய்ச்சல் என்றால் ஹேவ்; எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’.

பின்னால் வினையின் மூன்றாம் வடிவம், அதாவது வி-3, வந்தால் அது வெறும் துணைவினை. இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. ‘வந்திருக்கிறேன்’ என்பதில் ‘இரு’ செய்யும் வேலையைத்தான் ‘ஐ ஹேவ் கம்’ என்பதில் ஹேவ் செய்கிறது. மாணவர்கள் மிரளும் ‘ஹேட் ஹேட்’ கூட இப்படித்தான். ‘காசு இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்’ என்பதில் ‘இரு’ இரண்டு முறை அடுத்தடுத்து வருவதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேட் ஹேட் மணி, ஐ வுட் ஹேவ் பாட் இட்’. வரிசை மட்டும் தலைகீழ்: தமிழில் முதல் ‘இரு’ மூல வினை, இரண்டாவது துணை, ஆங்கிலத்தில் முதல் ஹேட் துணை, இரண்டாவது மூல வினை. இந்த ‘இஃப்’ பக்கத்தில் ‘வுட்’ எழுதினால் தேர்வில் அது பிழை.

இதே ஒற்றுமை குழியிலும் தள்ளும். ‘நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஹேட் கம் எஸ்டர்டே’ என்று எழுதிவிடக் கூடாது. இறந்தகாலத்தில் வேறொரு நிகழ்வுக்கும் முன்பு நடந்தது என்று காட்டத்தான் அந்த ஹேட் வரும். தனியாக ஒரு நிகழ்வு என்றால் ‘ஐ கேம்’ போதும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்பதும் தவறு. முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் பக்கத்தில் இருந்தால் ஹேவ் நிற்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘பத்து வருஷமா இங்க இருக்கேன்’ தமிழில் நிகழ்காலம்தான், ஆங்கிலத்திலோ ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று ஹேவ் போட்டே வர வேண்டும்.

‘குட்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள் முன்னால் நின்றால் எழுவாய் யாராக இருந்தாலும் ஹேவ் மாறாது. ‘ஷி ஷுட் ஹேஸ் கான்’ கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த வலை. மொழிபெயர்க்கும்போது இன்னும் கவனம் தேவை. ‘அவள் போயிருக்க வேண்டும்’ என்பதற்கு இரண்டு அர்த்தம்: போயிருப்பாள் என்ற ஊகம் என்றால் ‘மஸ்ட் ஹேவ் கான்’, போகாமல் விட்டது தப்பு என்றால் ‘ஷுட் ஹேவ் கான்’.

பின்னால் ‘டு’ வந்தால் கட்டாயம். எதிர்மறையில்தான் சிக்கல். ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியதில்லை, விருப்பம் உங்களுடையது. ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் போகக் கூடாது. கேள்வி கேட்கும்போது ‘டிட் ஹி ஹேவ் டு பே?’ என்றுதான் வரும். டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டதால் ஹேட் தேவையில்லை. பேச்சில் இது ‘ஹேஃப்டு’ என்று ஒலிக்கும், வகர ஒலி ஃபகரமாக மாறிவிடும். காதால் கேட்டு எழுதும் தேர்வுகளில் தடுமாற்றம் வருவது அதனால்தான்.

கடைசி வகையைப் பலர் தவறவிடுகிறார்கள்: ஹேவுக்கும் வி-3க்கும் நடுவில் ஒரு பொருள் வந்து உட்காருவது. ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் நானே வெட்டியிருந்தேன்; ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் சலூனில் வெட்டிக்கொண்டேன். கொத்தனார் கட்டினாலும் நாம் ‘வீடு கட்டினேன்’ என்றே சொல்வதால் ‘ஐ ஹேட் எ ஹவுஸ் பில்ட்’ என்ற அமைப்பு தானாக வாயில் வராது. நடுவில் ஆள் வந்து அவர் வேலை செய்தால் அதன்பின் வெறும் வினை: ‘ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்’. இங்கே ‘டு செக்’ தவறு. ஹேட்டுக்குப் பதில் ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’ போட்டால் டு வரும்.

‘செய்வது நல்லது’ என்று அறிவுரை சொல்லும் ‘ஹேட் பெட்டர்’ இவற்றில் எதிலும் சேராது. ஹேட் இருந்தாலும் இறந்தகாலம் இல்லை, பின்னால் டு இல்லை: ‘யூ ஹேட் பெட்டர் கோ நவ்’. வேண்டாம் என்றால் ‘ஹேட் பெட்டர் நாட் கோ’.

பயிற்சிக்கு ஆங்கில நாளிதழில் தினமும் ஒரு கட்டுரை போதும். ஹேவ், ஹேஸ், ஹேட் வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர், வி-3, டு, நடுவில் பொருள் என்று எது என எழுதுங்கள். எதிலும் அடங்காத வாக்கியம் வந்தால் அதை மட்டும் நோட்டில் முழுசாக எடுத்தெழுதிக்கொள்ளுங்கள்.