"நாளைக்கு" என்றால் எந்தத் தேதி

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அது என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "எல்லாரையும் நச்சரிக்கிற வேலை" என்றுதான் சொல்வது. நூல்காரரை, நிட்டிங்கை, சாயப்பட்டறையை, பிரிண்டிங்கை, கட்டிங் மாஸ்டரை நான் நச்சரிப்பேன், என்னை மூன்று பையர்கள் நச்சரிப்பார்கள். ஒரு நாளைக்கு மெயில் மட்டும் எண்பது வரும். வாட்ஸப் கணக்கில் இல்லை.

ஏழெட்டு மாதமாக ஒரு ஏஐ உதவியாளரை மெயிலோடும் காலண்டரோடும் இணைத்து வைத்திருக்கிறேன். எதுவென்று பெயர் சொல்லவில்லை, ஏறக்குறைய எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. காலையில் வந்து உட்கார்ந்ததும் நேற்று ராத்திரி வந்த மெயில்களைப் படித்து, எந்த ஆர்டரில் என்ன பாக்கி, யார் பதில் சொல்லவில்லை, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்கும் கடைசித் தேதிக்கு, அதாவது கட்-ஆஃபுக்கு, இன்னும் எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடும். முன்னெல்லாம் இதற்கே பதினோரு மணி ஆகிவிடும், டீ ஆறிப்போய்க் கிடக்கும்.

இன்னொரு நிம்மதி, ஜெர்மனியில் ஹாம்பர்க் ஆட்களோடு நடக்கும் மீட்டிங். அவர்களுக்கு எப்போதும் காலை பத்து மணி, எனக்குத்தான் கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், நான் வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்த் தனியாக உட்கார்ந்திருப்பேன், மார்ச்சில் ஒரு மணி நேரம் லேட்டாகப் போய் அசடு வழிவேன். இந்தத் தடவை இரண்டும் நடக்கவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் இதற்காகவே மாதச் சந்தா கட்டலாம்.

தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் மெயில் எழுதித் தருவதும் நன்றாகத்தான் இருக்கிறது. டையிங் லேட், அதனால் கட்டிங் இரண்டு நாள் தள்ளும், ஆனால் ஷிப்மெண்ட் தேதி மாறாது என்று பஸ்ஸில் வரும்போது போனில் முணுமுணுத்தால் போதும், இறங்குவதற்குள் மரியாதையான ஒரு மெயில் தயாராக இருக்கும். என்ன, நம் தொழில் பேச்சு அதற்கு இன்னும் பழகவில்லை. "முப்பதாம் நம்பர் கோம்டு நூல்" என்றேன் (நம்பர் என்பது நூல் எவ்வளவு மெல்லிசு என்ற கணக்கு), "ஐட்டம் நம்பர் 30" என்று எழுதி வைத்திருந்தது. நூல் கடைக்காரர் பையன் கூட சிரிப்பான்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஒரு நேவி கலருக்கு லேப் டிப், அதாவது பையர் பார்த்து ஓகே சொல்வதற்காகச் சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி, ஏ, பி, சி என்று மூன்று அனுப்பியிருந்தோம். பையரின் பதில் மெயிலில், பி கிட்டத்தட்ட சரி, சிவப்பு ஒரு துளி குறைந்தால் நன்றாக இருக்கும், மற்றபடி பிரச்சினை இல்லை என்ற தொனியில் ஒரு வரி. காலைச் சுருக்கத்தில் நம் ஆள் போட்டிருந்தது: "நேவி, பி ஆப்ஷன் அப்ரூவ்டு." மொழியாகப் பார்த்தால் அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது. ஆனால் பத்து வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், அந்த வரிக்கு "திரும்பப் போட்டு அனுப்பு" என்றுதான் அர்த்தம், அந்தம்மா எதையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். பட்டறைக்கு ஓகே சொல்லப் போனை எடுத்துவிட்டேன். என்னவோ தோன்றி, மெயிலைத் திறந்து பார்த்தேன். 600 கிலோ துணி. நேவியில் ஷேடு தப்பிப் போன துணியைக் கறுப்பாக்கலாமே தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. அன்றிலிருந்து அப்ரூவல் மெயில் எதையும் சுருக்கத்தில் படிப்பதில்லை, முழுசாக என் கண்ணால்தான்.

அப்புறம் சாயப்பட்டறை அண்ணன் கதை. அவர் போனில் "நாளைக்கு லோடு வந்துருமுங்க அம்மணி" என்றார், நானும் அதை அப்படியே குறிப்பில் போட்டேன். உதவியாளர் அதைத் தேதியாக மாற்றிக் காலண்டரில் ஏற்றி, மறுநாள் சாயங்காலம் லோடு வரவில்லை என்றதும், "தாங்கள் உறுதியளித்த தேதியில் துணி வந்து சேராததால் எங்கள் உற்பத்தி அட்டவணை பாதிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதத்தைத் தயார் செய்து நீட்டியது. அவசரத்தில் நானும் படிக்காமல் வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். அரை மணியில் போன். "ஏனுங்க அம்மணி, வக்கீல் நோட்டீசு மாதிரி அனுப்பிச்சிருக்கறீங்க, நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?" குரலில் கோபத்தை விட வருத்தம்தான் தெரிந்தது. மன்னிச்சுக்குங்கண்ணா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் போட்டது என்றேன். கம்ப்யூட்டருக்கு நம்மூர் பவர் கட்டெல்லாம் தெரியாதுங்களா என்றார்.

தெரியாதுதான். இந்த ஊரில் சாயத்துக்குத் தேதி சொல்வது அவர் கையில் மட்டும் இல்லை. 2011இல் ஐகோர்ட் உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதையும், அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானதையும் பார்த்தவர் அவர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏதாவது நின்றால் பட்டறையும் நிற்க வேண்டியதுதான். அவருடைய "நாளைக்கு" என்பதில் இத்தனையும் அடக்கம். எனக்கு அது காதில் விழும்போதே புரியும். உதவியாளருக்கு எழுதிக் கொடுத்தால்தான் புரியும்.

சரி, எழுதிக் கொடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உதவியாளருக்கு நிரந்தரக் குறிப்பு எழுதி வைக்க ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதில்: சாயப்பட்டறை "நாளைக்கு" என்றால் மூன்றாம் நாள் நினைவூட்டு. "பார்க்கலாமுங்க" என்றால் அன்றைக்கே வேறு பட்டறை விசாரிக்கச் சொல். "லோடு ஏத்தியாச்சு" என்றால் வண்டி நம்பர் கேள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு எந்த வேலையும் ஞாபகப்படுத்தாதே, அது சம்பள நேரம், யாரும் போன் எடுக்க மாட்டார்கள். ஆடி பதினெட்டு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், ஊருக்குப் போனவர்கள் திரும்புகிற வாரம் எல்லாவற்றையும் ஏற்றினேன். எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கம் வந்துவிட்டது. என் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் இதைக் கொடுத்தாலே போதும், ஆறு மாதம் மிச்சம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். மெயிலை அது எழுதலாம், அனுப்பக் கூடாது. வெளியிலிருந்து வரும் மெயிலுக்குள்ளேயே யாராவது மறைவாகக் கட்டளை எழுதி வைத்தால், இந்த உதவியாளர்கள் அதை நான் சொன்னதாக நினைத்துச் செய்துவிடக்கூடும், இது எந்தக் கம்பெனி ஏஐக்கும் இருக்கிற ஆபத்து. இன்னொன்று, காஸ்டிங் ஷீட் அந்தப் பக்கமே போகாது. நம் பேச்சைப் பயிற்சிக்கு எடுக்காதே என்று அமைப்புகளில் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் பீஸுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது என் முதலாளியும் நானும் பழைய எக்ஸெல்லும் மட்டும் அறிந்த ரகசியமாக இருக்கட்டும்.

போன வியாழக்கிழமை அதே அண்ணன், அதே நேவி. "லோடு ஏத்தியாச்சுங்க அம்மணி, இன்னொரு அரை மணி" என்றார். சந்தோஷமாகக் குறிப்பில் போட்டுவிட்டுக் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லக் கிளம்பினேன். போன் டிங் என்றது. "வண்டி நம்பர் வாங்கிவிட்டீர்களா?"

வாங்கவில்லை. திரும்ப அவருக்கே போட்டேன். "வண்டி நம்பருங்களா..." என்று இழுத்தார், பின்னாலிருந்து யாரோ எதற்கோ கத்தினார்கள், அப்புறம் மெதுவாக, "வண்டிக்குச் சொல்லியிருக்குதுங்க அம்மணி."