குதிரைக்காரர்களும் கூட்டாளிகளும்

3 மார்ச் 2024, ஞாயிறு

பினாங்கு சௌராஸ்தா பாசார் மாடிக்குப் போய் ஐந்து வருடமாவது இருக்கும். கீழே ஜாதிக்காய் ஊறுகாய், மேலே பழைய புத்தகக் கடைகள். மகளுக்கு எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சி நூல் தேடிப் போனவள் ‘பிளாக் பியூட்டி’யோடு திரும்பினேன். எட்டு வெள்ளி. பயிற்சி நூல் மறந்தே போனது. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நான்காம் ஆண்டில் நான் படித்தது தமிழ்ப்பள்ளி அலமாரியில் கிடந்த சுருக்கப் பதிப்பு. பக்கத்துக்குப் பக்கம் படம். என் ஆங்கிலத்துக்கு அதுவே பெரிய மலை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன், படித்ததை இரவில் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

1877இல் வந்த முழுத் தலைப்பு இந்தப் பதிப்பில் இருக்கிறது: ‘பிளாக் பியூட்டி: அவனுடைய குதிரைக்காரர்களும் கூட்டாளிகளும். ஒரு குதிரையின் சுயசரிதை.’ அதற்குக் கீழே, குதிரை மொழி மூலத்திலிருந்து மொழிபெயர்த்தவர் அன்னா சூவல் என்று ஒரு குறும்பு. என்னுடைய பழைய பதிப்பில் குதிரைக்காரர்களைத் தலைப்பிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள்.

5 மார்ச், செவ்வாய்

சூவல் எழுதிய ஒரே நாவல் இது. சிறுமியாக இருந்தபோது விழுந்து கணுக்கால் கெட்டது. அதன்பின் வெளியே போக வேண்டுமானால் குதிரை வண்டிதான். எழுதிய வருடங்களில் பெரும்பாலும் படுக்கை. தாள் துண்டுகளில் பென்சிலால் எழுதுவதை அம்மா படி எடுத்தாராம். புத்தகம் வந்தது 1877 நவம்பரில். 1878 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார்.

குதிரையின் தலையை மேலே தூக்கி இழுத்துக் கட்டும் வாரைப் பற்றிய அத்தியாயங்களை மறுபடி படித்தேன். வண்டிக்கு எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தி உடம்பு முழுவதையும் கொடுத்து உந்த வேண்டும். அதைத்தான் அந்த வார் தடுக்கிறது. சூவலின் இறுதி ஊர்வலத்துக்கு வந்த குதிரைகளுக்கும் அந்த வார் கட்டியிருந்ததைப் பார்த்து, அம்மா அவிழ்க்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு.

7 மார்ச், வியாழன்

இரண்டே அத்தியாயம். வேர்த்து வந்த குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிடுகிறான் சின்னப் பையன் ஜோ. மேலே கம்பளியும் போர்த்தவில்லை. தெரியாமல் செய்ததுதானே என்று அவன் அப்பா சொல்ல, குதிரைக்காரர் ஜான் சீறுகிறார். பத்து வயதில் எனக்கு ஜானைப் பிடிக்கவே இல்லை. இப்போது அவர் பக்கம். (மகள் நேற்று அரிசிப் பானையை அடுப்பில் மறந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

9 மார்ச், சனி

அலமாரியைக் கிளறினேன். மற்ற விலங்குகளையும் பார்த்துவிடலாம் என்று.

‘விலங்குப் பண்ணை’யைப் பதினாறு வயதில் ரஷ்ய அரசியலாக மட்டும் படித்தேன். எந்தப் பன்றி யார் என்று பட்டியல் போட்டு வைத்த தாள் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தத் தாளில் பாக்ஸர் குதிரைக்கு நேராக ‘தொழிலாளர்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். அவனைக் கொல்ல ஏற்றிப் போகிற வண்டியை நான் கவனித்ததாகவே தெரியவில்லை.

‘வாட்டர்ஷிப் டவுன்’ பாதியில் நிற்கிறது. முயல்களுக்குள் இத்தனை ராணுவம் எனக்கு ஆகாது.

‘பூனாச்சி’ வேறு மாதிரி. 2015 தொடக்கத்தில், தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அடுத்த வருடம் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்தார், ஒரு வெள்ளாட்டின் கதையோடு. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மாட்டையும் பன்றியையும் தொடக்கூடாது, நாயும் பூனையும் கவிதைக்கு என்று முன்னுரையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ஆட்டில் வந்து நிற்பார். முதல் தடவை அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. குட்டிக்குக் காது குத்த அதிகாரிகள் முன்னால் கிழவி வரிசையில் நிற்கிற பகுதியைப் படித்தபோது, அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த எங்கள் பாட்டிதான் கண்ணில் வந்தார்.

13 மார்ச், புதன்

நோன்பு தொடங்கிவிட்டது. ரமலான் பாசாரில் கூட்டம், வீடு வந்து சேரவே ஏழரை. தூக்கம் வராமல் 39ஆம் அத்தியாயம்.

இதை நான் படித்ததே இல்லை.

சாம் என்று ஒரு வாடகை வண்டிக்காரன். ஆறு பிள்ளைகள். குதிரையும் வண்டியும் ஸ்கின்னர் என்ற முதலாளியுடையவை. ஒரு நாளைக்கு 18 ஷில்லிங் அவனுக்குக் கட்டிய பிறகுதான் சாமுக்கு முதல் காசு. பதினாலு, பதினாறு மணி நேரம் ஓட்டுகிறான், ஞாயிறு கிடையாது. ஒரு நாள் அவன் வண்டியை வேறொருவன் ஓட்டி வருகிறான். சாம் விடியற்காலை நாலு மணிக்குச் செத்துப்போனானாம், ஸ்கின்னரைப் பற்றியே பிதற்றிக்கொண்டு.

அதற்கு அடுத்ததுதான் பியூட்டியின் பழைய தோழி, ஜிஞ்சர் என்ற குதிரையின் அத்தியாயம். வண்டியில் தலை தொங்கக் கிடக்கும் செத்த குதிரை. அது ஜிஞ்சராகவே இருக்கட்டும், அவள் பாடு முடிந்திருக்கட்டும் என்று பியூட்டி நினைக்கும் இடம். பத்து வயதில் நான் இரண்டு நாள் சோறு தின்னாத இடம். ஆனால் சாவதற்கு முன் ஜிஞ்சரே சொல்கிறாள்: என்னை வாடகைக்கு எடுத்தவன் முதலாளிக்கு நிறையக் கட்ட வேண்டியிருக்கிறது, அதை அவன் என்னிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்பா இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டினார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பெர்மிட் முதலாளி பெயரில். தினவாடகை கட்டாமல் சாவி கிடையாது. அவர் கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போனது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. கதை பிடிக்கவில்லை போல என்று கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

16 மார்ச், சனி

ஆயர் ஈத்தாம் பிளாட். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, சாமின் அத்தியாயத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். தூங்கவில்லை. 18 ஷில்லிங் என்றதும், “அவனுக்கு ஒரு நாளைக்கு ஓட்டம் எவ்வளவு கெடைக்கும்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. விரலை மடக்கி அவரே ஏதோ கணக்குப் போட்டார்.

சாம் செத்ததைச் சொன்னேன். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சரி. அவன் ஓட்டுன குதிர என்னா ஆச்சு?”

“புதுசா வந்தவன் ஓட்டுறான்ப்பா.”

“அவனுக்கு வண்டிதான் கெடச்சிருக்கு. குதிரயப் பழக நாளாகும்.” பிறகு, “நான் காய்ச்சல்ல கெடந்தப்ப வேற ஆளு எடுத்து ஓட்டி கியரக் கெடுத்துட்டான், ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு மணி நேரம் அந்த டாக்சியைப் பற்றியே பேசினார். மேட்டில் எந்த கியரில் அது முனகும், எந்தக் கதவை எப்படி அறைந்தால் சாத்தும் என்று எல்லாம். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

19 மார்ச், செவ்வாய்

47ஆம் அத்தியாயம். கைமாறிக் கைமாறி வந்த பியூட்டியை இங்கே வாங்குகிறவன் அதே ஸ்கின்னர். அவன் ஆட்களிடம் கடுமையாக இருந்தான், ஆட்கள் குதிரைகளிடம் கடுமையாக இருந்தார்கள் என்கிறது பியூட்டி. அந்த வரியில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை.

மணி பத்தாகியும் பொறுக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, சாம் ஓட்டுன அந்த முதலாளிகிட்டயே நம்ம குதிரயும் போய்ச் சேந்துருச்சு.”

“ஞாயித்துக்கிழம லீவு குடுக்கிறானா?”

“இல்லப்பா.”

“ம்.” கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. “இன்னும் எத்தன அத்தியாயம்?”

“ரெண்டு.”

“போன்ல சொல்லாத. சனிக்கெழம வரும்போது புத்தகத்தக் கொண்டா.”