கோலாலம்பூர் – பினாங்கு: எண்ணெய் குடிக்கும் காரைச் சோதிக்க ஏற்ற பாதை

காலை ஏழரை மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போனால் எந்தக் காரும் எண்ணெய் (பெட்ரோல்) குடிக்கத்தான் செய்யும். குறை காரிலா, நெரிசலிலா, ஓட்டுபவர் காலிலா என்று பிரித்துப் பார்க்க நீளமான, சீரான ஓட்டம் வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்குவரை உள்ள சுமார் 350 கிலோமீட்டர் அதற்குத் தோதானது. பெருநாள் கூட்டத்தில் மட்டும் கிளம்ப வேண்டாம். தஞ்சோங் மாலிமில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போடும் கணக்கு எதற்கும் ஆகாது.

புறப்படுமுன் எண்ணெயை முழுத் தொட்டியாக அடித்து, பம்ப் முதல் முறை 'டக்' என்று நின்றதும் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் திணித்தால் கணக்கு கெடும். ஆவி பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் இறங்கிவிடவும் கூடும். ஓடிய தூரத்தைப் பூஜ்யமாக்கி, பினாங்கில் மறுபடி அதே முறையில் நிரப்புங்கள். 352 கிலோமீட்டருக்கு 24.6 லிட்டர் ஏறினால், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர். நல்ல நிலையிலுள்ள 1.5 லிட்டர் காருக்கு நெடுஞ்சாலையில் அது இயல்பு. 9, 10 என்று வந்தால்தான் தேட வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பி எதையும் கழற்ற வேண்டாம்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். எண்ணெய் நிலைய இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும். 230 என்றால் ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. ஆனால் காற்றுக் குறைவு இரண்டு மூன்று சதவீதம் தின்னுமே தவிர, முப்பது சதவீதம் தின்னாது. அழுக்கு ஏர் ஃபில்டரும் அப்படித்தான்: இன்ஜெக்‌ஷன் கார்களில் இழுவைதான் குறையும், எண்ணெய்ச் செலவு அதிகம் ஏறாது. இந்த இரண்டையும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் ஃபோர்மேன்கள் நிறைய. ரோன்95 பெட்ரோலுக்கு வடிவமைத்த காரில் விலை கூடிய ரோன்97 ஊற்றுவதும் வீண் செலவு.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் இயந்திர வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். பல சிறிய கார்களில் வெப்பமுள் கிடையாது, இயந்திரம் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு மட்டும்தான். ஆகவே காரின் கணினியோடு பேசும் ஓபிடி முனையில் ஒரு ஸ்கேனரைச் செருகிக் கைப்பேசியில் பாருங்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரான கூலன்டின் வெப்பம் பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நெரிசலில் 90 காட்டிவிட்டு, மழையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது 70 டிகிரிக்கு இறங்கினால், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது; அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. 'வெயில் நாட்டுக்கு இது எதற்கு' என்று கழற்றிப் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. இயந்திரம் சூடேறவில்லை என்று நினைத்து ஈசியு (இயந்திரத்தை இயக்கும் கணினி) கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். காருக்குரிய தெர்மோஸ்டாட்டையும் புது ரப்பர் வளையத்தையும் போட்டு, கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றினால் போதும்.

தாப்பா ஓய்வுத்தலத்துக்குள் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருண்டு வந்து நிறுத்துங்கள். தே தாரிக் வாங்கப் போகுமுன் நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு போங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால், அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. பெரும்பாலும் பிரேக் கட்டையை அழுத்தும் கேலிப்பரின் வழுக்கு முளைகள் காய்ந்திருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்து மறுபடி சிக்க வைக்கும். முளைகள் நன்றாக இருந்தால் கேலிப்பரின் பிஸ்டனையும், பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்கள். இந்தச் சோதனையைச் சுங்கை பேராக் ஓய்வுத்தலத்தில் செய்யாதீர்கள். அதற்கு முன் வரும் மெனோரா சுரங்கப்பாதை மலையின் இறக்கத்தில் எல்லாப் பிரேக்கும் சூடாகியிருக்கும்.

அந்த மெனோரா ஏற்றத்துக்கு வேறு பயன் உண்டு. ஈப்போ தாண்டிச் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது கார் உதறினால், ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ பாரம் தாங்கவில்லை. எரியாத கலவையோடு வெளியேறும் ஆக்சிஜனைப் பார்த்து, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று சொல்ல, ஈசியு இன்னும் ஊற்றும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் கசிந்தாலும் இதே ஏமாற்றுதான்.

பினாங்குப் பாலம் ஏறுவதற்குள் விடை கிடைக்கவில்லையென்றால் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் பாருங்கள்; ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+), குறைக்கிறது (−) என்று காட்டும் எண் அது. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் பார்க்கிங் தேடிச் சுற்றும் நேரத்தில் வரும் எண்கள் வேண்டாம். சூடான இயந்திரம், ஏர்கோன் அணைத்த ஐடிலிங் (காரை நிறுத்தி, முடுக்காமல் இயந்திரத்தை ஓட விடுவது), பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்று. குறுகிய கால, நீண்ட கால டிரிம்களின் கூட்டல் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் தேடலாம். ஐடிலிங்கில் +15 காட்டி, சுற்று ஏறியதும் இறங்கினால், இயந்திரம் காற்றை இழுக்கும் இன்டேக்கில் காற்றுக் கசிவு. −15 என்றால் எங்கோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், ஏறிய எரிபொருள் அழுத்தம், அல்லது மூடாத பர்ஜ் வால்வு (கரிப்பெட்டி ஆவியை இயந்திரத்துக்கு விடுவது). வால்வைச் சோதிப்பது சுலபம். அதிலிருந்து இன்டேக்குக்குப் போகும் குழாயை ஐடிலிங்கில் நசுக்கிப் பிடியுங்கள். டிரிம் பூஜ்யத்தை நோக்கி வந்தால் வால்வுதான் குற்றவாளி.

எல்லாம் சரியாக இருந்தும் செலவு குறையவில்லையா? வேகமுள்ளைப் பாருங்கள். 110க்குப் பதில் 130இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும்; கூரையில் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

பழுது பார்த்தபின் ஈசியுவின் பழைய டிரிம் நினைவை ஸ்கேனரால் அழித்துவிட்டு, திரும்பும் வழியில் அதே வேகத்தில், அதே பாரத்தோடு ஓட்டி, புறப்படும்போது அடித்த அதே பம்பில் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று பட்டறைக்கும் தெரியாது, பில் மட்டும் தெரியும்.